நீச்சல் அணிக்கு ஆள் எங்கே?

தொடர் நீச்சல் போட்டிக்கு நான்கு பேர்தான் வேண்டும். அந்த நான்கில் ஓர் இடத்தை வேறு நாட்டிலிருந்து வந்த அக்காவுக்குக் கொடுத்தால் ஒப்புக்கொள்வீர்களா? "அதெப்படி? நம்ம ஊர்ப் பிள்ளைகள் இல்லையா?" என்று சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது!

அமெரிக்கக் கல்லூரிகள் பல ஆண்டுகளாக இதைத்தான் செய்கின்றன. அரசுப் பணம் பெறும் கல்வி நிலையங்கள் ஆண், பெண் என்று வேறுபாடு காட்டக் கூடாது என்று அங்கே 1972-ல் ஒரு சட்டம் வந்தது. அதன்பின் பெண்களுக்கும் விளையாட்டு அணி, உதவித்தொகை எல்லாம் பெருகின. நல்ல அணி வேண்டுமே! பயிற்சியாளர்கள் வெளிநாட்டுப் போட்டிகளையும் கவனித்து, "எங்கள் கல்லூரிக்கு வாம்மா, படிப்புச் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று அழைத்தார்கள். 200 மீட்டரை எத்தனை நொடியில் கடந்தாள் என்பதற்கு மொழிபெயர்ப்பு வேண்டாம் அல்லவா? (அங்கே கல்லூரிப் போட்டிகள் கெஜக் கணக்கில் நடக்கும். கொஞ்சம் கணக்குப் போட வேண்டும், அவ்வளவுதான்!)

அப்படிப் போனவர் கிர்ஸ்டி கவன்ட்ரி. ஆப்பிரிக்காவில் உள்ள ஜிம்பாப்வே நாட்டுப் பெண். அலபாமா மாநிலத்தின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் படித்து, அதன் அணிக்காக நீந்தினார். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஜிம்பாப்வே பெற்ற மூன்று பதக்கங்களும் இவர் வாங்கியவைதான். 200 மீட்டர் மல்லாந்து நீச்சலில் தங்கம்! 2008 பெய்ஜிங்கில் மறுபடியும் அதே தங்கம். 2025-ல் உலக ஒலிம்பிக் குழுவுக்கே தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் இவர்தான்.

நீந்தியது அமெரிக்கக் கல்லூரிக்கு, பதக்கம் வந்தது சொந்த நாட்டுக்கு. இதில் யாருக்கு நட்டம்? பக்கத்துத் தடத்தில் வேகமான ஒருத்தி நீந்தினால் நம் வேகமும் கூடும். ஆனால் நான்கு இடத்தையும் வெளியூர்க்காரர்களுக்கே கொடுத்துவிட்டு உள்ளூர்ப் பெண்ணைக் கைதட்ட மட்டும் வைத்தால், அந்தக் கோப்பையில் எனக்கு மதிப்பில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் அரையிறுதிவரை வந்தபோது கவன்ட்ரி ஜிம்பாப்வேயில் படித்துக்கொண்டிருந்த பள்ளி மாணவி. நீந்தத் தெரிந்த பெண்ணைத்தான் கல்லூரி தேடி வரும்!

எங்கள் அடி அண்ணாமலைப் பக்கம் வயற்கிணறுகள் உண்டு. கோடை விடுமுறையில் பையன்கள் 'தொபுக்கடீர்' என்று குதிப்பார்கள். அக்கா தங்கைகளோ அவர்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டு மேட்டில் நிற்பார்கள். "பொம்பளப் பிள்ளைக்கு நீச்சல் எதுக்கு?" என்று பெரியவர்கள் கேட்பதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். தண்ணீரில் தவறி விழும்போது, பையனா பெண்ணா என்று தண்ணீர் பார்ப்பதில்லையே!

பெங்களூரு மாணவி தினிதி தேசிங்கு 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் நீந்தியபோது வயது 14தான். உங்களில் சிலருக்கும் அதே வயது.

பெண் குழந்தைகளே, வருகிற விடுமுறையில் அப்பாவிடமோ மாமாவிடமோ தைரியமாகக் கேளுங்கள். தம்பியின் முதுகில் கட்டுகிற சுரைக்குடுக்கையை உங்கள் முதுகிலும் கட்டிவிடட்டும். நீச்சல் தெரிந்த பெரியவர் கூடவே தண்ணீரில் இருக்க வேண்டும். அவர் இல்லாத நாளில் கிணற்றுப் பக்கமே போகாதீர்கள்.