கோலத்துக்குப் பூ, கொடிக்குக் காய்

மார்கழியில் வீட்டுப் பெண்கள் பரங்கிப் பூவைப் பறித்துக் கோலத்தில் வைக்கிறார்கள். காய் குறையாதா, சொன்னால் சண்டைதான் வருகிறது என்று வாசகர் ஒருவர் கேட்கிறார்.

ஆண் பூவைப் பறித்தால் குறையாது. காம்பு நீண்டு மெலிந்திருந்தால் ஆண் பூ. இதழுக்கு அடியில் சின்னப் பிஞ்சு உருண்டிருந்தால் பெண் பூ; அதைத் தொடக்கூடாது. ஆண் பூக்கள் முந்திப் பூக்கும், எண்ணிக்கையிலும் அதிகம், ஒரே நாளில் வாடிவிடும். அதற்காக மொத்தத்தையும் பறித்துவிட வேண்டாம். பூ விடியலில் விரிந்து முற்பகலுக்குள் சுருங்கும். அதற்குள் தேனீ மகரந்தம் சேர்த்தால்தான் காய் பிடிக்கும். பெண் பூ விரிந்த நாளில் பக்கத்து ஆண் பூக்களில் சிலவற்றைத் தேனீக்கு விடுங்கள். காய் குறைவதற்கு, காலையில் மருந்து தெளிப்பதும் ஒரு காரணம். தவிர்க்க முடியாவிட்டால் மாலையில் தெளியுங்கள்.

கோலத்தைப் பச்சரிசி மாவில் போடுவது நல்லது. எறும்புக்கும் அணிலுக்கும் தீனி. கடைக் கல்மாவு பளிச்சென்றுதான் இருக்கும். ஓர் எறும்புகூட நாடாது, தூசு நெஞ்சுக்கும் ஆகாது.

சாணிப் பிள்ளையாருக்குப் பூ இல்லை என்று சொல்ல எந்த வீட்டிலும் மனம் வராது. நாளை விடியலில் அவர்களோடு கூடையை எடுத்துக்கொண்டு கொடிப்பக்கம் போய்ப் பாருங்கள். பெரியவர்கள் இருந்தால் எது ஆண் பூ என்று அவர்களே காட்டுவார்கள்.