அந்நியர் மீது பழி போதுமா?

அந்நிய ஸ்தாபனங்களை விலக்கினால் அரசாங்கத்தில் லஞ்சம் ஒழியும் என்று வாதிக்கும் நண்பர், 2007-இல் பிலிப்பைன்ஸ் சீனாவின் இஸட்.டி.இ. கம்பெனியோடு செய்துகொண்டு அவ்வாண்டே ரத்து செய்த அகலக்கற்றை ஒப்பந்தத்தை உதாரணம் காட்டுகிறார். அதுவோ அவர் கட்சிக்கு விரோதமாகவே சாட்சி சொல்கிறது. சுமார் 33 கோடி டாலர் பெறுமான அவ்வேலை பகிரங்க டெண்டரின்றி ஒப்படைக்கப்பட்டது. தேர்தல் கமிஷன் தலைவர் அபாலோஸ் தமக்கு 20 கோடி பெசோ தருவதாகச் சொன்னார் என்று செனட் சபையில் சாட்சியம் அளித்த மந்திரி நேரி, ஜனாதிபதியோடு பேசியதைப் பற்றிய மூன்று கேள்விகளுக்கு வாய் திறக்க மறுக்க, சுப்ரீம் கோர்ட்டும் அந்த மௌனத்தை அங்கீகரித்தது. குற்றத்தை மறுத்த அபாலோஸ் 2016-இல் விடுதலை பெற்றார். கதவை அடைத்தவர்கள் சுதேசிகளே. இரகசியம் நிலவுமிடத்தில் குற்றமும் ருசுவாவதில்லை, நிரபராதியின் களங்கமும் நீங்குவதில்லை. ஆகவே, விற்பவனின் தேசத்தைக் கேட்குமுன் டெண்டரைப் பகிரங்கமாக்கும்படி கேளுங்கள்.