பாக்கெட்டுக்குப் பின்பக்கம்

சம்பா நடவு முடிஞ்ச கையோட ஒரு நாள் தங்கச்சி போன் பண்ணினாள். "அண்ணே, புள்ளைக்குக் கோதுமையே ஆகாதுன்னுட்டாங்க."

அவளுக்கு வீடு ஸ்ரீரங்கத்தில், உத்திர வீதிக்குப் பக்கம். மகன் வடக்கே வேலை பார்த்துவிட்டு இந்த வருசம்தான் குடும்பத்தோடு திரும்பி வந்தான். பேரனுக்கு ஏழு வயசு. வயிறு உப்பும், கை கால் குச்சி மாதிரி இருக்கும். பூச்சி மருந்து, டானிக் எல்லாம் கொடுத்துப் பார்த்தாச்சு. கடைசியில் ரத்தப் பரிசோதனை, குழாய் விட்டுக் குடலைப் பார்ப்பது எல்லாம் முடிந்து சீலியாக் நோய் என்றார்கள். கோதுமை, பார்லி, ரை மூன்றிலும் இருக்கிற குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், உடம்பு தன் சிறுகுடலைத் தானே அரித்துக்கொள்ளும். இதற்கு மருந்து கிடையாது. ஆயுசுக்கும் அதைச் சாப்பிடாமல் இருப்பதுதான் வைத்தியம்.

"இட்லி தின்கிற ஊருல இதுக்கு என்னம்மா கவலை?" என்று சொல்லிவிட்டேன். விவரம் தெரியாமல் சொன்ன பேச்சு.

பையன் பழகினது பாலில் போட்டுச் சாப்பிடுகிற கார்ன்பிளேக்ஸ். அது சோளம்தானே என்று வாங்கப் போனோம். சத்திரத்திலிருந்து ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போய், அவளையும் கூட்டிக்கொண்டு இரண்டு கடை ஏறினேன். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாக்கெட்டைத் திருப்பினால், சோளம், சர்க்கரை, உப்புக்கு அப்புறம் 'மால்ட் எக்ஸ்ட்ராக்ட்' என்று இருந்தது. மால்ட் என்றால் நமக்கு ராகி மால்ட். ஆனால் சும்மா 'மால்ட்' என்று மட்டும் போட்டிருந்தால் அது பெரும்பாலும் பார்லி. கோதுமை ஒரு பொட்டு இல்லை, ஆனாலும் பையனுக்கு ஆகாது.

அடுத்து ஒரு சிறுதானிய நூடுல்ஸ். முன்பக்கம் வரகுக் கதிர் படம் பெரிசாக. பின்பக்கம் முதல் பெயரே கோதுமை மாவு. எது எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது விதி. அப்படியென்றால் அந்தப் பாக்கெட்டில் வரகு விருந்தாளி, கோதுமைதான் வீட்டுக்காரன். ராகி சேமியாவும் அதே கதைதான். ஓட்ஸில் 'கோதுமை கலந்திருக்கலாம்' என்று கீழே பொடி எழுத்தில் இருந்தது. வீட்டுக்கு வந்து தங்கச்சியின் அஞ்சறைப் பெட்டிப் பக்கம் பார்த்தால் கூட்டுப் பெருங்காயத்திலும் மைதா. இட்லி நல்லதுதான், அதன் தலையில் ஊற்றுகிற சாம்பார்தான் சரியில்லை! (மைதா மரவள்ளிக் கிழங்கில் வருகிறது என்று நம்ம ஊரில் இன்னும் பாதிப் பேர் சத்தியம் செய்வார்கள். மைதாவும் கோதுமை, ரவையும் கோதுமை.)

தங்கச்சி எட்டாம் வகுப்பு. தினத்தாளை ஒரு வரி விடாமல் படிப்பாள். இங்கிலீஷ் தெரியாது. 2020-ல் வந்த லேபிள் விதிப்படி, குளூட்டன் உள்ள தானியம் சேர்த்திருந்தால் பாக்கெட்டில் சொல்லியே ஆகவேண்டும். ஆனால் இங்கிலீஷிலோ இந்தியிலோ இருந்தால் போதும், தமிழ் கட்டாயமில்லை. சமைக்கிறவளுக்குப் படிக்கத் தெரியாத மொழியில் எழுதின எச்சரிக்கை யாருக்காக? எனக்கு இதில் கோபம் உண்டு.

அந்தக் கோபத்தோடு ஊருக்கு வந்து, "கடைச் சரக்கே வேண்டாம், நான் தர்றேன்" என்று சவடாலாக ராகி, கம்பு, சாமை, பொட்டுக்கடலை எல்லாம் காயவைத்து அரைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கோதுமை ஒரு மணி சேர்க்கவில்லை. நாலு நாளில் பையனுக்கு மறுபடி வயிறு போனது.

அதனால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் மில்லில் போய்க் கேட்டேன். எனக்கு முன்னால் அரைத்தது யாரோ ஒருவருடைய அஞ்சு கிலோ கோதுமை. மிஷினில் ஒட்டியிருந்தது எல்லாம் என் தூக்குவாளியில்தான் விழுந்திருக்கும். குளூட்டன் இல்லாதது என்று போட நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கிற எல்லை, கிலோவுக்கு 20 மில்லிகிராம். கோதுமை மாவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குளூட்டன் என்று வைத்தால், ஒரு கிலோ ராகி மாவில் கால் கிராம் கோதுமை மாவு கலந்தாலே எல்லை தாண்டிவிடும். மில்லுக்காரர் சட்டையை உதறினாலே அதைவிட அதிகம் விழும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் வீட்டம்மாள் இருக்கிற மகளிர் குழு 'சிறுதானிய சத்துமாவு' போட்டு விற்கிறது. அன்று ராத்திரி ஒரு பாக்கெட்டை எடுத்துத் திருப்பினேன். 'சிறுதானியங்கள், பருப்பு வகைகள், ஏலக்காய்'. அவ்வளவுதான். உள்ளே சம்பா கோதுமை இருக்கிறது, நானே காயவைத்துக் கொடுத்தது. அது சிறுதானியம் இல்லை. யாரும் ஏமாற்ற நினைத்து எழுதவில்லை, அச்சடிக்கும்போது இடம் பத்தவில்லை என்று சுருக்கினது. கம்பெனிக்காரனாவது பொடி எழுத்தில் போட்டிருந்தான். நாங்கள் அதையும் போடவில்லை.

தெற்கே இந்த நோய் குறைவு, ரத்தப் பரிசோதனையில் இதற்கான அறிகுறி வடக்கே நூற்றில் ஒருவருக்கு என்றால் இங்கே ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் என்று ஒரு நாடு தழுவிய ஆய்வு 2016-ல் வந்தது. "ஆயிரத்தில் ஒருத்தருக்காக ஸ்டிக்கரை மாத்தணுமா?" என்று குழுவில் ஒருத்தர் கேட்டார். நம்ம தாலுகாவில் எத்தனை ஆயிரம் பேர் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள் என்றேன். அதோடு, கடை மாவை நம்பாமல் 'நம்ம ஊரு சரக்கு' என்று தேடி வருகிறவர்களிடம்தான் நாம் விற்கிறோம். அவர்கள் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கக்கூட மாட்டார்கள்.

பையன் இப்போது காலையில் சிவப்பு அவலை வெறும் சட்டியில் மொறுமொறுப்பாக வறுத்து, பாலும் நாட்டுச்சர்க்கரையும் போட்டுச் சாப்பிடுகிறான். நேந்திரங்காய் மாவில் கஞ்சியும் உண்டு. பெருங்காயம் இல்லாத சாம்பாருக்குத்தான் தங்கச்சி இன்னும் முகம் சுளிக்கிறாள். வீட்டுக்கென்று ஒரு சின்ன அரவை மிஷின் வாங்கிவிட்டாள், அதில் கோதுமை ஏறாது.

குழுவுக்கு அடுத்த லாட் லேபிள் தை மாசம் அச்சுக்குப் போகிறது. 'சம்பா கோதுமை' என்பது தமிழில், மற்ற எழுத்தின் அளவிலேயே, தனி வரியில் வருகிறது. கோதுமை போடாத மாவும் தனியாகக் கொண்டுவரலாமே என்று கேட்கிறார்கள். தனி மில் அமையும்வரை அதில் நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.