கட்டறுக்கப்படும் நூல்கள்

செயற்கை நுண்ணறிவு நிறுவனமான அன்த்ரொபிக்கிற்கு எதிராக எழுத்தாளர்கள் தொடுத்த வழக்கில், 2025 ஜூன் மாதம் சான் பிரான்சிஸ்கோ சமஷ்டி நீதிமன்ற நீதிபதி வில்லியம் அல்சப் அளித்த தீர்ப்பு விநோதமானதொரு செய்கையை உலகறியச் செய்தது. மில்லியன் கணக்கான அச்சு நூல்களை, பல சந்தர்ப்பங்களில் பழைய புத்தகங்களாக, விலைகொடுத்து வாங்கிய அந்நிறுவனம், அவற்றின் கட்டுகளை அறுத்து, தாள்களை ஸ்கான் செய்தபின் மூலப் பிரதிகளைக் கழித்துவிட்டது.

நீதிபதி இதனை நியாயமான பாவனை என ஏற்றுக்கொண்டார். அதற்கு அவர் கூறிய காரணமே நமது கவனத்துக்குரியது. அச்சுப் பிரதி அழிந்து அதனிடத்தில் மின்பிரதி வந்தமையால் பிரதிகளின் எண்ணிக்கை கூடவில்லை. அம்மின்பிரதி வெளியாருக்கு வழங்கப்படவுமில்லை. ஆக, நூலை அழித்தமையே நிறுவனத்துக்குச் சாதகமாயிற்று. ஸ்கான் செய்த நூலை ஒரு பாடசாலைக்கு அன்பளிப்புச் செய்திருந்தால் ஒரு பிரதி இரண்டாகியிருக்கும். அவ்வாதமும் இவ்வளவு எளிதாக நின்றிராது.

2004 முதல் பல்கலைக்கழக நூலகங்களின் நூல்களைப் பிரதிசெய்த கூகிள், அவற்றை நூலகங்களுக்கே திருப்பியளித்தது. 2015 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனையும் அனுமதித்தது. எனவே மாற்றுவழி இருக்கவே செய்தது. கட்டை அறுப்பது விரைவானது, மலிவானது, அவ்வளவுதான்.

பல்லாயிரம் பிரதிகள் விற்ற நாவலொன்றில் ஒரு பிரதி குறைவதால் எவருக்கும் நட்டமில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். விற்பனையாகாத நூல்களைப் பதிப்பகங்களே கூழாக்குவதுண்டு. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் சுமார் 97,000 நூல்களுடன் எரிக்கப்பட்டமையோடு இதனை ஒப்பிடுவதும் முறையன்று. அது வன்மம், இது வியாபாரம். எனினும் அவ்விழப்பு உணர்த்திய ஒன்று இங்கும் பொருந்தும். வேறிடங்களில் பிரதியிருந்த நூல்களைத் தேடிப் பெறலாம். ஒற்றைப் பிரதியாக இருந்த ஏட்டுச்சுவடிகளைப் பெற முடியாது. சிறு பதிப்பாக வெளிவந்த ஊர் வரலாறோ, பழைய அரபுத் தமிழ்க் கிதாபோ பழைய புத்தகக் குவியலில் மற்றவற்றைப் போலவே கிடக்கும். வெட்டுவதற்கு முன் அத்தகையவற்றைப் பிரித்தெடுக்க வேண்டுமென அத்தீர்ப்பு கோரவில்லை. நூலகம் நிறுவனம் 2005 முதல் மின்வடிவாக்கிவரும் நமது நாட்டுத் தமிழ் நூல்களை எவரும் இலவசமாக வாசிக்கலாம். அன்த்ரொபிக்கின் களஞ்சியத்தையோ நூலை எழுதியவர்கூடத் திறந்து பார்க்க முடியாது.

2025 செப்டெம்பரில் அந்நிறுவனம் எழுத்தாளர்களுக்கு 1.5 பில்லியன் டொலர் செலுத்த இணங்கியது. அத்தொகை இணையத்திலிருந்து திருட்டுத்தனமாகப் பதிவிறக்கிய நூல்களுக்கானது. வாங்கி வெட்டியதற்காக ஒரு சதமேனும் அதில் இல்லை.