பத்தடி மந்திரம்

மாலை வகுப்புக்கு வரும் மாணவர்கள் சிலர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாடுகிறார்கள். 1974-இல் அமெரிக்காவில் வந்த கதை விளையாட்டு அது. அதில் 'பிரெஸ்டிடிஜிடேஷன்' என்றொரு சில்லறை மந்திரம் உண்டு. கத்துக்குட்டி மந்திரவாதிக்கும் கைவரும். பத்தடிக்குள் இருக்கும் ஒரு சின்னப் பொருளை நொடியில் சுத்தமாக்கலாம். அதே மந்திரத்தால் அழுக்காகவும் ஆக்கலாம்.

அங்கே அது கற்பனை. இங்கே சாதி தினமும் செய்கிற வேலை. 1927 மார்ச் 20 அன்று மகாத்தின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கரும் மக்களும் தண்ணீர் அள்ளிக் குடித்தார்கள். ஆதிக்கச் சாதியினர் உடனே தீட்டுக் கழித்தார்கள்: 108 பானைகள், பால், தயிர், சாணம், கோமியம், கூடவே மந்திரம். (குடிநீரில் சாணியைக் கலந்து சுத்தமாக்கும் வித்தை அமெரிக்கக்காரனுக்கும் தோன்றவில்லை!)

நம் மாவட்டத்துக்கு வருவோம். 2022 செப்டம்பர், சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாகுளம். தின்பண்டம் வாங்க வந்த பள்ளிப் பிள்ளைகளிடம் கடைக்காரர் சொன்னது 'ஊர்க்கட்டுப்பாடு'. அந்த ஒரு சொல்லில் பிள்ளைகளின் கையிலிருந்த காசுகூடத் தீட்டாகிவிட்டது. வீடியோ பரவிய பிறகுதான் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கைது, கடைக்குச் சீல்.

நிஜ அழுக்கு வேறு. குற்றாலத்தில் சீசன் கூட்டம் போட்டுவிட்டுப் போகும் ஈரத்துணியும் ஷாம்பு பாக்கெட்டும் மந்திரத்தால் மறைவதில்லை. தூய்மைப் பணியாளர்கள் குனிந்து அள்ளுகிறார்கள்.

விளையாடுங்கள் தோழர்களே. உங்கள் மந்திரவாதி சத்திரத்தைச் சுத்தமாக்கும்போது, அதுவரை அங்கே யார் கூட்டினார்கள், எந்தத் தெருவில் குடியிருக்கிறார்கள் என்று ஆட்டத்தை நடத்துபவரிடம் கேளுங்கள்.