பூட்டில்லாத குடிலும் உறுதியில்லாத லயனும்

கடந்த கோடையில் ஸ்கொட்லாந்தின் கெயார்ன்கோர்ம் மலைகளிலே, கொரவர் என்னும் சிறு குடிலில் ஓரிரவு தங்க நேர்ந்தது. இலண்டனில் வாழும் என் பல்கலைக்கழகத் தோழரின் மகன் அழைத்துச் சென்றான். பல மணி நேர நடை. 1877இல் மான் காவலாளிக்கெனக் கட்டப்பட்ட ஒற்றை அறைக் கற்குடில் அது. மின்சாரமில்லை, குழாய்நீரில்லை. அரிசி, பருப்பு, சிறு எரிவாயு அடுப்பு யாவற்றையும் முதுகில் சுமந்து சென்று, ஓடையில் நீர் அள்ளிச் சமைத்து உண்டோம்.

இத்தகைய குடில்களை அங்கு 'பொத்தி' என்பர். 1965இல் தோன்றிய தொண்டர் சங்கமொன்று ஏறத்தாழ 100 குடில்களைப் பராமரித்து வருகின்றது. கதவுக்குப் பூட்டில்லை, தங்குவதற்குக் கட்டணமில்லை. தன் குப்பையைத் தானே சுமந்து திரும்பவேண்டும் என்பது வழக்கம். இந்த நாகரிகத்தை நான் மனமார மதிக்கின்றேன். என் சண்டை வேறு.

சோற்றுக் கோப்பையைக் கையில் ஏந்தியவாறு பையன் சொன்னான்: "அங்கிள், மனிசருக்கு இதுக்கு மேலை என்ன வேணும்? ஒரு அறை, ஒரு அடுப்பு. காணுமே!"

காணாது என்றேன்.

வந்த வழியில் கிளென் லூயி பள்ளத்தாக்கிலே இடிந்த வீடுகளின் கல் அத்திவாரங்களைக் கடந்திருந்தோம். ஆட்டு மந்தைகளுக்காகவும் பின்னர் மான் வேட்டைக்காகவும் குடியானவர்களை நிலவுடைமையாளர்கள் விரட்டிய வரலாறு அந்த மலைநாட்டுக்கு உண்டு. அவன் வியந்த அமைதியில் ஆட்களை அகற்றிப் பெற்ற அமைதியும் கலந்திருக்கின்றது.

அதே ஸ்கொட்லாந்திலிருந்து வந்த ஜேம்ஸ் டெய்லர்தான் 1867இல் எமது லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டார். எமது மலையகத்திலும் ஒற்றை அறைகள் உண்டு. 10 அடிக்கு 12 அடி லயன் காம்பிரா. அதற்குள்ளே அடுப்பு, தொட்டில், முதியவரின் பாய் எல்லாம். தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்தவர்களிடம் "இதற்கு மேல் என்ன வேண்டும்?" என்று எவராவது கேட்கத் துணிவரா? கேட்டவர்கள் உண்டு. "அவர்கள் அப்படியே பழகிவிட்டார்கள்" எனக் கொழும்பில் படித்தவர்கள் சொல்ல என் காதாலேயே கேட்டிருக்கின்றேன். துரைமாரின் பழைய பங்களாக்கள் சில இன்று உல்லாச விடுதிகளாகியுள்ளன. அவற்றின் முற்றத்தில் தேநீர் அருந்தியபடி, பள்ளத்திலே தெரியும் லயனைப் படமெடுத்து 'எளிய வாழ்வு' என்று எழுதுகிறவர்களும் உளர்.

எளிமை என்பது தெரிவு செய்தவனுக்கு மட்டுமே எளிமை. எமக்கு மறுநாட் காலையில் இறங்கிச் செல்ல வழியிருந்தது. போய்ச் சேர வீடிருந்தது. மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மண்சரிந்து லயன்களை மூடியது. மலை ஆபத்தானது என்ற எச்சரிக்கை அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. எழுந்து போவதற்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலமில்லாதவன் எங்கே போவான்?

மலையகத் தமிழர் வருகையின் 200ஆவது ஆண்டை 2023இல் நினைவுகூர்ந்தோம். மேடைகள் போட்டோம், மலர்கள் வெளியிட்டோம். ஆயினும் தான் குடியிருக்கும் மண்ணுக்குக் காணி உறுதி இல்லாத குடும்பங்கள் இன்றும் லயன்களில் இருக்கின்றன. அவர்கள் கேட்பது இரக்கத்தையன்று, உறுதியை.

நான் பேசி முடித்தபோது அடுப்பு அணைந்திருந்தது. பையன் தயங்கிக் கேட்டான்: "அப்ப நாங்கள் இஞ்சை வரக்கூடாதே, அங்கிள்?"

"தாராளமாய் வா. குப்பையைக் கொண்டு போ. ஆனால் வறுமையைப் பார்த்து வடிவெண்டு மட்டும் சொல்லாதை."

விடிந்ததும் தரையைக் கூட்டிவிட்டு, கதவைச் சாத்தி இறங்கினோம். அடுத்த விடுமுறையில் தன்னை அட்டனுக்குக் கூட்டிச் செல்லும்படி கேட்டிருக்கின்றான். விடுதியில் தங்கப் போவதில்லையாம். லயனில் வாழ்கின்ற எனது பழைய நிருபர் நண்பரொருவரின் வீட்டுக்கே போகவேண்டுமாம். கூட்டிச் செல்வேன்.