ஜார்க்கண்ட் பள்ளிகள் திறப்பும் குழந்தைகளின் வீட்டுமொழியும்

2020 மார்ச்சில் மூடப்பட்ட ஜார்க்கண்டின் தொடக்கப் பள்ளிகள் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்குப் பின் 2022இல்தான் திறந்தன. முகக்கவசம், இடைவெளி, மதிய உணவு ஆகியவை குறித்து அப்போது நிறையப் பேசப்பட்டது. அவை தேவையானவையே. ஆனால் கும்லா, லோஹர்தகா போன்ற மாவட்டங்களில் இவற்றுக்கு முந்தைய கேள்வி ஒன்று உண்டு. திரும்பி வந்த குழந்தையிடம் ஆசிரியர் எந்த மொழியில் பேசுகிறார்?

ஜார்க்கண்டை 'இந்தி மாநிலம்' என்று சொல்லிக் கடந்துவிடுவது நம் வழக்கம். அங்கே சந்தாலி, முண்டாரி, ஹோ, காரியா ஆகிய ஆஸ்திரோ-ஆசிய மொழிகள் வாழ்கின்றன. குடுக் எனவும் ஒராவோன் எனவும் வழங்கும் வடதிராவிட மொழியும் வாழ்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்திய அளவில் ஏறத்தாழ 20 லட்சம் பேர் அதைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். 'நீ' என்பதை அவர்கள் 'நீன்' என்பார்கள். (திராவிட மொழியியல் படித்தவர்களில் பெரும்பாலோர் குடுக்கை ஒப்பீட்டு அட்டவணையில் மட்டுமே சந்தித்திருக்கிறோம், அதைப் பேசும் ஆறு வயதுக் குழந்தை எதைப் படிக்கிறது என்று கேட்டதில்லை.)

அந்தக் குழந்தை முதல் வகுப்பில் செய்யும் வேலை எழுத்தறிவது மட்டுமன்று. வீட்டுமொழியிலிருந்து பள்ளிமொழிக்குக் கடப்பதும் அதன் வேலைதான். மூத்த பிள்ளைகளைப் பார்த்தும், விளையாட்டில் சாத்ரியைப் பாலமாகக் கொண்டும், ஒரே கட்டளையை நூறு முறை கேட்டும் அது இந்தியை அடைகிறது. பாடநூல் இதற்குப் பெரிதாக உதவுவதில்லை. இந்தி அரிச்சுவடி 'க' என்ற எழுத்துக்குக் 'கபூதர்' என்று புறாவைக் காட்டுகிறது. சொல்லை முன்பே அறிந்த குழந்தைதான் அதன் முதல் ஒலியைப் பிரித்து எழுத்தோடு பொருத்த முடியும். புறாவை வேறு பெயரால் அழைக்கும் குழந்தைக்கு அந்தப் படம் எதையும் கற்பிக்காது. வகுப்பறையில் இந்த இடைவெளியை மனிதர்கள் நிரப்பினார்கள். வாட்ஸ்அப்பில் வந்த இந்திக் காணொளியால் அது இயலவில்லை; அதுவும் வந்தவர்களுக்குத்தான் வந்தது. ழான் திரேஸ், ரீதிகா கேரா உள்ளிட்டோர் 2021 ஆகஸ்ட்டில் 15 மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் எளிய குடும்பங்களிடையே நடத்திய ஆய்வில், கிராமப்புறக் குழந்தைகளில் 8 விழுக்காட்டினரே இணையவழியில் முறையாகப் படித்தனர். கிராமப்புறத் தலித், பழங்குடிக் குழந்தைகளிடையே அது 4 விழுக்காடு.

2020இல் முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தை 2022-23 கல்வியாண்டில் மூன்றாம் வகுப்பில் அமர்ந்தது. மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் பொருளுணர்ந்து படிக்க வேண்டும் என்பது 2021 ஜூலையில் தொடங்கிய நிபுண் பாரத் திட்டத்தின் இலக்கு. ஆக, தேர்வுகள் நடக்கும், இந்தியில் நடக்கும். 'படிக்கத் தெரியவில்லை' என்று முடிவு வரும். எழுத்தை ஒலியாக்கத் தெரியாத குழந்தையும், ஒலியாக்கிய பின் அச்சொல்லின் பொருள் தெரியாத குழந்தையும் அதில் ஒன்றாகவே எண்ணப்படுவார்கள். இரண்டுக்குமான மருந்து வேறு வேறு. பிரித்தறியாமல் 'கற்றல் இழப்பு' என்று பெயரிட்டால், இரண்டாமவருக்கும் இந்திப் பயிற்சித்தாள்களே கூடுதலாகக் கிடைக்கும்.

பெற்றோர் இந்தியையும் ஆங்கிலத்தையுமே விரும்புகிறார்கள் என்று மறுப்பு எழும். உண்மைதான், அந்த விருப்பத்தில் பிழையும் இல்லை. இந்தி வேண்டாம் என்பது என் வாதமன்று. எந்தப் படியிலிருந்து ஏறுவது என்பதுதான் கேள்வி. ஒரே வகுப்பில் குடுக், முண்டாரி, சாத்ரி மூன்றும் இருக்கும். ஆசிரியருக்கு ஒன்றும் தெரியாது என்பது இதைவிட வலுவான மறுப்பு. இதற்கு எளிய விடை இல்லை. எனினும் அண்டை மாநிலமான ஒடிசா 2007 முதல் பழங்குடி மொழிகளில் தொடக்கக் கல்வியை நடத்திப் பார்த்திருக்கிறது. அம்மொழி பேசுவோரையே வகுப்பறைக்குக் கொண்டுவந்தது. குறைகள் உண்டு, ஆனாலும் முன்மாதிரி இருக்கிறது. அரசமைப்பின் 350அ பிரிவும், 2020 தேசியக் கல்விக் கொள்கையும் இதையே சொல்கின்றன. கொள்கைக்குப் பஞ்சமில்லை.

முதல் மூன்று மாதங்களுக்குத் தேர்வுத்தாள்களை ஒதுக்கிவைக்கலாம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த உள்ளூர் இளைஞர் ஒருவரை ஊதியத்தோடு மொழி உதவியாளராக அமர்த்தலாம். கதை சொல்லவும் கேட்கவும் வீட்டுமொழி, எழுத்துப் பழக அதே மொழியின் சொற்கள், பிறகு இந்தி என்று தொடங்கலாம். ஆண்டுதோறும் தயாராகும் சமக்ர சிக்ஷா திட்ட வரைவில் இதற்கென ஒரு தனித் தலைப்பைச் சேர்ப்பது மாநில அரசால் இந்த ஆண்டே செய்யக்கூடியதுதான்.